அபராதம் கட்டினால் பெஞ்ச் அமைந்துவிடாது
அபராதத்தைச் செலுத்தி, இனி பெஞ்ச் முறையில், அதாவது பாறையைப் படிப்படியாக, வெட்டுவதாக உறுதிமொழி எழுதிக் கொடுத்தால், செங்குத்தாக வெட்டிய சிறு கல்குவாரியின் விதிமீறல் சரியாகிவிடும் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை, குவாரியில் மேற்பார்வையாளராக இருந்தவன் என்ற முறையில் என்னால் ஏற்க முடியவில்லை. சிறப்பு அனுமதி இல்லாமல் கெட்டிப் பாறையில் ஒரு பெஞ்சின் உயரம் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குவிதி. ஆனால் ஏற்கெனவே செங்குத்தாக 20 மீட்டர் இறக்கிவிட்ட முகப்பில் (வெட்டப்படும் பாறைச் சுவரில்) கீழிருந்து படி வெட்ட வழியே கிடையாது, மேலிருந்து பின்னோக்கி வெட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும், அதற்கு வேண்டிய இடமோ சிறு குவாரிகளில் பக்கத்துப் பட்டா நிலத்துக்காக விட வேண்டிய 7.5 மீட்டர் இடைவெளியில் போய் முட்டும். நாங்கள் வேலை செய்த இடத்தில் மேல்விளிம்பை ஒட்டி விரல் நுழையும் அகலத்துக்கு வெடிப்பு ஓடியிருந்தது. அந்த முகப்பையே கைவிட்டு, அடியில் ஆளோ லாரியோ போகாதபடி மண்கரை போட்டு, எதிர்ப்புறத்தில் மேல்மண்ணை அகற்றிப் புதிதாகத் தொடங்கிய பிறகுதான் நிலைமை சீரானது, அதுவரை உற்பத்தி வெகுவாகக் குறைந்ததை உரிமையாளர் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. 2022 மே மாதம் நெல்லை மாவட்டம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து நால்வர் உயிரிழந்ததை மறந்துவிட முடியாது. மேல் பெஞ்ச் உண்மையிலேயே வெட்டப்பட்டிருப்பதை அதிகாரிகள் நேரில் அளந்து பார்க்கும் வரை அடித்தளத்தில் ஒரு தொழிலாளியைக்கூட இறக்க அனுமதிக்கக் கூடாது.