யூனிட் எத்தனை குறையும், அதைச் சொல்லுங்கள்

எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாடிப்படி விளக்குகளை அலைபேசியில் இயக்கும் திட்டத்துக்குப் "பசுமை முயற்சி" என்று கைதட்டல் கிடைத்தது. மொட்டைமாடியில் சோலார் வைக்கலாம் என்ற எனக்குக் "கஞ்சம்" என்ற பட்டம் கிடைத்தது.

நான் கேட்டது ஒன்றே: யூனிட் எத்தனை குறையும்? நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 700 கிராம் கரியமில வாயு வெளியேறுகிறது. 9 வாட் எல்.இ.டி. விளக்கை அலைபேசியில் அணைத்தால் என்ன, சுவிட்சில் அணைத்தால் என்ன? வைஃபை விளக்கு அணைந்த பின்னும் அடுத்த கட்டளைக்காகக் காத்திருந்து கொஞ்சம் மின்சாரம் இழுக்கும் என்பதை அங்கே யாரும் சொல்லவில்லை.

அம்மாவின் அறையில் 75 வாட் மின்விசிறியைக் கழற்றிவிட்டு குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்ட 30 வாட் பி.எல்.டி.சி. விசிறியை மாட்டினோம். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். கரியமில வாயுக் கணக்கில் சுமார் 28 கிலோ. ரெகுலேட்டர் போய் ரிமோட் வந்ததில் அம்மாவுக்குத்தான் கோபம். தலையணைக்கடியில் அதைத் தேடும்போதெல்லாம் என்னைத் திட்டுவார். அந்தத் திட்டு எனக்குச் சம்மதமே.

"இவருக்குத் தொழில்நுட்பமே ஆகாது" என்று எழுத வருகிறவர்களுக்கு: தண்ணீர் மோட்டாருக்கு டைமர் வைத்து, சூரிய மின்சாரம் மிகுந்திருக்கும் நண்பகலில் ஓட்டி, மாலை உச்ச நேரத்தில் நிறுத்தலாம் என்று அதே கூட்டத்தில் சொன்னவன் நான்தான். எந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் செலவானது என்று பதியும் ஸ்மார்ட் மீட்டர் உள்ளவர்களுக்குச் சூரிய ஒளி நேரக் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20 விழுக்காடு குறைவாக இருக்க வேண்டும் என்று 2023இல் மத்திய அரசு திருத்திய விதி கூறுகிறது. கருவி அறிவோடு நடந்துகொள்ள வேண்டிய இடம் அதுதான். ஆனால் எனக்கு அறிவுரை சொன்ன நண்பர், அலுவலகத்திலிருந்து புறப்படும்போதே அலைபேசி வழியாக வீட்டு ஏ.சி.யை 18 டிகிரியில் இயக்கிவிடுகிறாராம். நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏ.சி.கள், நாமாக மாற்றாதவரை, 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று 2020 ஜனவரியிலிருந்து விதி இருக்கிறது. அதையும் மாற்றிக் குறைத்து, ஆளில்லாத அறையைக் குளிர்விப்பதும் பசுமை முயற்சிதான் போலும்!

"இதைவிட அதிகமாகப் புகை விடும் ஆலைகளைக் கேட்க மாட்டீர்களா?" என்பார்கள். ஆலைகளைப் பற்றி எங்கள் சங்கம் முடிவெடுப்பதில்லை.

வீட்டுக் கூரையில் சோலார் வைக்க மானியம் தரும், 2024இல் தொடங்கிய மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்புச் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. இதைச் சொன்னபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இத்தனை ஆண்டுகள் பக்கத்து வீட்டில் இருந்து, ஒருவருக்கொருவர் சாவி கொடுத்து வைத்துக்கொண்ட மனிதர்கள், கணக்குக் கேட்டால் கஞ்சம் என்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பொது மீட்டரின் ஓராண்டு மின் ரசீதுகளைத் தருமாறு செயலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதுவரை பதில் இல்லை. விளக்குகளுக்கு முன்பணம் மட்டும் போய்விட்டது.