ட்ரிப்ஸ் பாட்டில் காலியானா உயிர் போயிடுமா?

"பாட்டில் காலியானதும் காத்து நரம்புக்குள்ள போய் ஹார்ட் நின்னுடும், நர்ஸ் வர்றதுக்குள்ள நீங்களே ஊசியை உருவிடுங்க"ன்னு ஒரு வாய்ஸ் நோட் சுத்துது. தப்பு.

கைல போடுற சாதா ட்ரிப்ஸ் வெறும் உயரத்தால இறங்குது, பாட்டில் தீர்ந்ததும் டியூப்ல இருக்குற தண்ணி நரம்போட பிரஷருக்கு ஈடான ஒரு மட்டத்துல நின்னுடும், அதனால காத்து உள்ள போறதில்ல, அதிகபட்சம் ரத்தம் கொஞ்சம் டியூப்ல ஏறி ஊசி அடைச்சுக்கும், மறுபடி குத்தணும், அவ்ளோதான். சின்னக் குமிழி போனாலும் நுரையீரல்லயே கரைஞ்சிடும். மொத்தமா நிறைய காத்து போனா ஆபத்துதான், இதயத்துல ஓட்டை இருக்குறவங்களுக்கும் கழுத்து லைன் (கழுத்துல இருக்குற பெரிய நரம்புல போடுற டியூப்) போட்டவங்களுக்கும் கூடுதல் கவனம் வேணும், அதுக்குத்தான் நர்ஸ் மாட்டுறதுக்கு முன்னாடியே டியூப்ல மருந்தை ஓடவிட்டு காத்தை வெளியேத்துறாங்க. ட்ரிப்ஸை மெஷின் வச்சு தள்ளுற பம்ப்னா, பெரும்பாலும் காத்து தெரிஞ்சதும் அலாரம் அடிச்சு தானா நின்னுடும்.

நீங்களா உருவினா ரத்தம் கொட்டலாம், இன்ஃபெக்‌ஷன் வரலாம். பெல் அடிங்க, முடிஞ்சா டியூப்ல இருக்குற ரோலரை (ஓட்டத்தை நிறுத்துற சின்ன சக்கரம்) மூடுங்க, போதும்.

சந்தேகம்னா டியூட்டி நர்ஸ்கிட்டயே கேளுங்க, நர்சிங் முதல் வருஷம் படிக்கிற பிள்ளைகூட சொல்லும். அந்த வாய்ஸ் நோட்டை தயவுசெஞ்சு ஃபார்வர்ட் பண்ணாதீங்க.