வெள்ளைத் தோள் சிலிண்டர்

என் பட்டறையில் ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் தனியாக நிற்கிறது. மற்றவை எல்லாம் முழுக் கறுப்பு. இதற்கு மட்டும் தோள்பட்டையில் வெள்ளை பெயின்ட். மருத்துவ ஆக்சிஜன் என்பதற்கான அடையாளம் அது. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், கறுப்பாகப் போன சிலிண்டர், ஆகஸ்ட்டில் வெள்ளைத் தோளோடு திரும்பி வந்தது. மறுபடி கறுப்பு அடிக்க மனசு வரவில்லை. வேலைக்கும் எடுப்பதில்லை.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த தம்பி, "ஏண்ணே இது மட்டும் வெள்ளை?" என்று கேட்டான். சொன்னேன். கேட்டுவிட்டு, "அதெல்லாம்தான் முடிஞ்சு போச்சுல்லண்ணே" என்றான். அவன் மேல் தப்பில்லை, அப்போது அவன் பள்ளிக்கூடப் பையன். ஆனால் அரசாங்கமும் அதையே சொல்லிக்கொண்டு நகர்ந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

அந்த மே மாதம் ஒரு ராத்திரி ஒன்பது மணிக்கு மதுரை பழங்காநத்தத்திலிருந்து ஒரு வாத்தியார் போன் செய்தார். அவர் வீட்டு கேட் நான் செய்து கொடுத்தது. "மாமனாருக்கு ஆக்சிஜன் அளவு 84 காட்டுதுப்பா. எங்கயும் பெட் இல்லேங்குறாங்க. உன்கிட்ட சிலிண்டர் இருக்குமா?" இருந்தது, ஒன்றே ஒன்று. ஏப்ரல் 22-லிருந்தே சில துறைகள் தவிர தொழிலுக்கு ஆக்சிஜன் தருவதை நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்னால் நிரப்பி வைத்தது இது. குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு போனேன்.

போய் இறக்கிய பிறகுதான் புத்தியில் உறைத்தது. என்னிடம் இருப்பது வெல்டிங் ரெகுலேட்டர். நோயாளிக்கு நிமிஷத்துக்கு இத்தனை லிட்டர் என்று அளந்து விடும் ஃப்ளோ மீட்டர் வேண்டும், தண்ணீர் பாட்டிலோடு. பனகல் ரோட்டில் தெரிந்தவர்களை எல்லாம் எழுப்பிக் கேட்டோம். ஒன்றுகூட இல்லை. கடைசியில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு வீட்டில் கிடைத்தது. அந்த வீட்டுப் பெரியவர் அன்று சாயங்காலம்தான் இறந்திருந்தார். அழுதுகொண்டே கழற்றிக் கொடுத்தார்கள்.

காலையில் பெட் கிடைத்தது. நாலாம் நாள் வாத்தியாரின் மாமனார் போய்விட்டார். அந்த ஐந்து மணி நேரம்தான் காரணம் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஐந்து மணி நேரமும் நிறைந்த சிலிண்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது. அவர் மூச்சுக்குத் தவித்ததை நான் பார்த்தேன்.

இது நாட்டுப் பாதுகாப்பு விஷயம் என்கிறேன். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

ராணுவத்துக்கு ஒரு கணக்கு உண்டு. தீவிரமான போர் வந்தால் 40 நாளைக்குத் தாங்கும் வெடிமருந்து கையிருப்பில் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. அது இருக்கிறதா என்று மத்தியத் தணிக்கைத் துறை போய்ப் பார்க்கிறது. 40 சதவீத வகைகள் பத்து நாளைக்குக்கூடப் போதாது என்று 2017-ல் அறிக்கையே கொடுத்தது. நாடே அதைப் பற்றிப் பேசியது. கச்சா எண்ணெய்க்கும் கணக்கு இருக்கிறது: விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் என்று மூன்று இடத்தில் பூமிக்கடியில் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

அரிசிக்கு இதைவிட நல்ல கணக்கு. அமெரிக்கக் கோதுமைக் கப்பலுக்குக் காத்திருந்த காலத்தில், 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகத்தைத் தொடங்கினார்கள். முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். பசி வந்தால் நாடு அடுத்தவனிடம் கையேந்தும், கையேந்தினால் அவன் சொன்னபடி ஆட வேண்டும் என்று அன்றைக்கு இருந்தவர்களுக்குப் புரிந்தது. அதன் பலனை நாம் 2020-ல் அனுபவித்தோம். நாலு மணி நேர அவகாசத்தில் நாட்டைப் பூட்டினார்கள். தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் நம்ம மதுரையில், பூட்டிய முதல் நாளே. பட்டறை மூடி வருமானமில்லாமல் கிடந்த மாதங்களில் எங்கள் தெரு ரேஷன் கடையில் அரிசி ஒரு மாதமும் நிற்கவில்லை. கிடங்கில் இருந்தது, வந்தது. ஐம்பத்தைந்து வருஷத்துக்கு முன் ஒருவர் யோசித்ததை நாம் தின்றோம்.

குண்டுக்கு, எண்ணெய்க்கு, அரிசிக்குக் கணக்கு இருக்கிறது. மூச்சுக்கு?

ஒரு ஜம்போ சிலிண்டரில் ஏறக்குறைய 7,000 லிட்டர். நிமிஷத்துக்கு பத்து லிட்டர் போகும் நோயாளிக்கு அது பன்னிரண்டு மணி நேரம்கூட வராது. நூறு பேருக்கு ஒரு நாளைக்கு இருநூறுக்கு மேல் வேண்டும். பட்டறைக்காரன் எனக்கே தெரிந்த இந்தக் கணக்கு, 2020 கடைசியில் நாடாளுமன்ற நிலைக்குழுவும் எச்சரித்த விஷயம்தான். 162 ஆஸ்பத்திரிகளில் காற்றிலிருந்தே ஆக்சிஜன் பிரிக்கும் பிளான்ட் வைக்க ஏற்பாடாகியிருந்தது. 2021 ஏப்ரல் பாதியில், ஆட்கள் செத்துக்கொண்டிருந்தபோது, அதில் 33 மட்டுமே நின்றது.

கிழக்கே இரும்பாலைகளில் ஆக்சிஜன் இருந்தது. அதைக் கொண்டுவர டேங்கர் இல்லை. மைனஸ் 183 டிகிரியில் திரவமாக வைத்துத்தான் ஏற்ற முடியும், சாதாரண லாரியில் ஆகாது. காலி டேங்கரை விமானப்படை விமானத்தில் ஏற்றிப் பறந்தார்கள். கடற்படைக் கப்பல் வளைகுடா வரை போய்த் தூக்கி வந்தது. மகேந்திரகிரியில் ராக்கெட் இன்ஜினில் எரிபொருளை எரிக்க உதவும் திரவ ஆக்சிஜனை ஆஸ்பத்திரிகளுக்குத் திருப்பினார்கள். நம்ம கூடல் நகருக்கே ஆக்சிஜன் ரயில் வந்தது. தோப்பூரில் ராப்பகலாக வேலை பார்த்து 500 ஆக்சிஜன் படுக்கை போட்டார்கள். அத்தனை பேரையும் கும்பிடுகிறேன். ஆனால் முப்படையையும் ரயில்வேயையும் ராக்கெட் நிலையத்தையும் இறக்கி நடத்திய ஒன்றுக்குப் போர் என்றுதானே பேர்? அப்புறம் அதன் கையிருப்பு மட்டும் ஏன் போர்க் கையிருப்பு ஆகவில்லை?

எதிரியும் நமக்கு ஓய்வு கொடுக்கவில்லை. 2020 ஜூன் 15, சீன எல்லையில் கல்வான். இருபது வீரர்களை இழந்தோம். ராமநாதபுரத்து ஹவில்தார் பழனியின் உடல் மதுரை விமான நிலையத்தில்தான் வந்து இறங்கியது. அடுத்த வாரம் கொரோனாவுக்காக மதுரையையே முழுசாகப் பூட்டினார்கள். அந்த வருஷம் அமெரிக்காவின் அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பல் ஒன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட மாலுமிகளுக்குத் தொற்றி குவாம் தீவில் ஒதுங்கி நின்றது. ஒரு குண்டும் வெடிக்காமல். அதற்கு முந்தைய வருஷம் வந்த உலகத் தரவரிசையில் தொற்றைச் சமாளிக்கத் தயாரான நாடுகளில் முதலிடம் அதே அமெரிக்காவுக்கு. காகிதத்தில் தயாராக இருப்பது எத்தனை நாளைக்கு வரும் என்று பார்த்தோம்.

நம்மிடமும் ஒரு கதை இருக்கிறது, சொன்னால் வயிறு எரியும். குன்னூர் பாஸ்டர் நிலையம், கிண்டி பி.சி.ஜி. ஆய்வகம் இரண்டும் அரசுத் தடுப்பூசி நிறுவனங்கள். 2008-ல் உரிமத்தை நிறுத்தி முடக்கினார்கள், இரண்டு வருஷம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். செங்கல்பட்டில் பல நூறு கோடி போட்டுக் கட்டிய தடுப்பூசி வளாகம், தடுப்பூசிக்கு நாடு அலைந்த 2021-ல் ஒரு டோஸ்கூடத் தராமல் சும்மா கிடந்தது. துப்பாக்கித் தொழிற்சாலையை இப்படிப் போட்டு வைப்போமா?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நோயைப் பாதுகாப்பு விஷயமாகப் பார் என்றால் லத்தியை எடு என்று சிலர் புரிந்துகொள்கிறார்கள். ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லிப் போலீஸ் கூட்டிப்போன அப்பாவும் மகனும் திரும்பி வரவில்லை, சாத்தான்குளத்தில். நான் கேட்பது அது இல்லவே இல்லை. நான் கேட்பது கிடங்கு, கணக்கு, ஆள்.

ஆள் என்று சொன்னேன். கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸ்களின் வேலை 2022 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. வேறு திட்டத்தில் இடம் தருவதாகச் சொன்னார்கள். கவச உடைக்குள் எட்டு மணி நேரம் வெந்தவர்கள் தெருவில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. எல்லையில் சண்டை ஓய்ந்தது என்று பட்டாளத்தை வீட்டுக்கு அனுப்புகிறோமா?

இரண்டாம் அலைக்குப் பிறகு நாடு முழுக்க 1,200-க்கு மேல் ஆக்சிஜன் பிளான்ட்டுக்குப் பணம் ஒதுக்கினார்கள். நல்ல காரியம். ஆனால் கம்ப்ரஸரை ஓட்டாமல் போட்டால் என்ன ஆகும் என்று எந்தப் பட்டறையிலும் கேளுங்கள். சீல் காயும், தண்ணீர் சேரும், ஃபில்டர் அடைக்கும். வாரம் ஒருமுறை ஓட்டிப் பார்க்க ஒரு ஆப்பரேட்டரும், ஸ்பேர் வாங்கக் காசும் வேண்டும். 2024 செப்டம்பரில் நிதி ஆயோக் குழு, அடுத்த தொற்று வந்தால் முதல் நூறு நாளைக்குள் எழுந்து நிற்க வேண்டும், அதற்குத் தனிச் சட்டமும் வேண்டும் என்று அறிக்கை கொடுத்திருக்கிறது. நூறு நாள் பெரிய பேச்சு. எனக்கு அந்த முதல் ஐந்து மணி நேரம் போதும்.

இந்தத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கப் போகிறேன். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் மூன்று கேள்வி போடுகிறேன். மதுரை மாவட்டத்தில் எத்தனை ஆக்சிஜன் பிளான்ட் இன்றைக்கு ஓடும் நிலையில் இருக்கிறது, கடைசியாக எந்தத் தேதியில் ஓட்டிப் பார்த்தார்கள்? அதை ஓட்டத் தெரிந்த ஆட்கள் எத்தனை பேர், நிரந்தரமா ஒப்பந்தமா? அரசுக் கிடங்கில் ஃப்ளோ மீட்டர் எத்தனை இருக்கிறது?

விருதுநகர், தேனி, திண்டுக்கல், சிவகங்கைக்காரர்கள் உங்கள் மாவட்டப் பெயரைப் போட்டு இதே கேள்விகளை அனுப்புங்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள், நான் எழுதித் தருகிறேன். பதில் வந்ததும் வந்தபடியே இங்கே போடுகிறேன்.