85 சென்ட்டுக்கு ஒரு சபாநாயகர்

அமெரிக்காவில் கொலம்பஸில் இருக்கும் மச்சான் போனில் வந்தால் நலம் விசாரித்து முடித்ததும் ஒரே கேள்விதான். "ஏன் மாப்ள, உங்கூர்ல இப்ப ஓட்டுக்கு என்ன ரேட்டு?"

எங்கள் தொகுதி அரவக்குறிச்சி. 2016-இல் பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தல் ஆணையம் தேர்தலையே ரத்து செய்த இரண்டு தொகுதிகளில் ஒன்று. இன்னொன்று தஞ்சாவூர். இப்படி ஒரு பெருமையைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் வாயாட முடியும்? எப்போதும் சிரித்துச் சமாளித்துவிடுவேன்.

போன வாரம் சமாளிக்கவில்லை. "லாரி ஹவுஸ்ஹோல்டர்னா யாரு மச்சான்?" என்று திருப்பிக் கேட்டேன். எங்கேயோ கேட்ட பெயர் என்றார். அவர் குடியிருக்கும் ஓஹையோ மாநிலத்தின் சபாநாயகராக இருந்தவர். 2023-இல் 20 ஆண்டு சிறைத் தண்டனை வாங்கியவர். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில், அங்கே சபாநாயகர் என்றால் "உறுப்பினர்கள் அமருங்கள்" என்று சொல்லிக்கொண்டிருப்பவர் இல்லை. எந்த மசோதா எந்தக் குழுவுக்குப் போகும், எது வாக்கெடுப்புக்கு வரும், எது பரணில் தூங்கும் என்பதெல்லாம் அவர் கையில். ஓஹையோ கீழவையில் 99 பேர். அதில் 50 பேர் தலையாட்டினால் போதும். ஹவுஸ்ஹோல்டர் பெர்ரி கவுண்டியின் கிளென்ஃபோர்ட் என்ற குக்கிராமத்துக்காரர், ரிபப்ளிகன் கட்சிக்காரர். 2001 முதல் 2004 வரை ஒருமுறை அந்த நாற்காலியில் இருந்தார். அப்போதே எஃப்பிஐ விசாரணை நடந்தது, வழக்கு வரவில்லை. 2016-இல் மறுபடி ஜெயித்து வந்தார். வந்தவருக்கு நாற்காலி வேண்டும். நாற்காலிக்குப் பணம் வேண்டும்.

அதே சமயத்தில் ஆக்ரன் நகரத்து மின்சார நிறுவனம் ஃபர்ஸ்ட்எனர்ஜி ஒரு சிக்கலில் இருந்தது. ஈரி ஏரிக்கரையில் டேவிஸ்-பெஸ்ஸி, பெர்ரி என்று அதற்கு இரண்டு அணுமின் நிலையங்கள். மலிவான இயற்கை எரிவாயுவோடு போட்டி போட முடியாமல் இரண்டும் நஷ்டத்தில் ஓடின. 2017 ஜனவரியில் டிரம்ப் பதவியேற்பு விழாவுக்கு ஹவுஸ்ஹோல்டர் வாஷிங்டன் போனது அந்த நிறுவனத்தின் தனி விமானத்தில். திரும்பி வந்த சில வாரங்களில் 'ஜெனரேஷன் நவ்' என்று ஓர் அமைப்பு பதிவானது. காகிதத்தில் அது சமூக நல அமைப்பு. அந்த வகை அமைப்புக்குப் பணம் கொடுத்தவர் பெயரை வெளியே சொல்ல வேண்டியதில்லை. அடுத்த மூன்று வருஷத்தில் நிறுவனத்தின் பக்கமிருந்து கைமாறியது சுமார் 6 கோடி டாலர்.

அந்தப் பணத்தில் அவர் வாக்காளர் யாருக்கும் கவர் கொடுக்கவில்லை. அங்கேதான் ஆள் கெட்டிக்காரர். 2018 தேர்தலில் தனக்குக் கைதூக்கக்கூடிய வேட்பாளர்களாகப் பார்த்துப் பிடித்து, அவர்களுக்கு விளம்பரச் செலவு செய்தார். எதிராக நின்றவர்களை, சொந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், உட்கட்சித் தேர்தலிலேயே கழித்துக் கட்டினார். 2019 ஜனவரியில் 52-க்கு 46 என்ற கணக்கில் சபாநாயகர் ஆனார். அந்த 52-இல் பாதி, அதாவது 26 வாக்கு, எதிர்க்கட்சியான டெமாக்ரட்டுகள் போட்டது. கூவத்தூரைப் பார்த்த நமக்கு இதில் ஆச்சரியம் இல்லைதான்.

ஏப்ரலில் 'ஹவுஸ் பில் 6' வந்தது. ஜூலை 23-இல் 51-க்கு 38 என்று நிறைவேறியது. அன்றைக்கே ஆளுநர் மைக் டிவைன் கையெழுத்தும் ஆனது. மாநிலத்தில் மின் இணைப்பு உள்ள ஒவ்வொரு வீடும் 2021-இல் இருந்து மாதம் 85 சென்ட் வரை கூடுதலாகக் கட்ட வேண்டும். பெரும்பகுதி அந்த இரண்டு அணுமின் நிலையங்களுக்குப் போகும். கூடவே இரண்டு பழைய நிலக்கரி மின் நிலையங்களுக்கும் உதவித்தொகை. அதில் கிளிஃப்டி கிரீக் இருப்பது ஓஹையோவிலேயே இல்லை, பக்கத்து மாநிலமான இண்டியானாவில்! காற்றாலை, சூரிய மின்சாரம் எவ்வளவு வாங்க வேண்டும் என்ற இலக்கையும் 12.5 சதவீதத்திலிருந்து 8.5 ஆகக் குறைத்துவிட்டார்கள். மொத்த மதிப்பு சுமார் 130 கோடி டாலர். 6 கோடி போட்டு 130 கோடி. எங்கள் பக்கத்து ஃபைனான்ஸ்காரர்கள் கேட்டால் மயங்கி விழுவார்கள்.

85 சென்ட் என்ற தொகையை யோசித்தவர் யாரோ, மனிதர்களை நன்றாகப் படித்தவர். அதற்காக யார் தெருவில் இறங்குவார்கள்?

சிலர் இறங்கினார்கள். சட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு விடலாம் என்று ஓஹையோ அரசியல் சாசனத்தில் இருக்கிறது. அதற்கு 2,65,774 கையெழுத்து வேண்டும். சேகரிக்க ஆள் கிளம்பியதும் டிவியில் விளம்பரம் ஓடியது: சீனாக்காரன் நம் மின்சாரத்தைப் பிடிக்க வருகிறான், கையெழுத்துப் போடாதீர்கள் என்று. கையெழுத்து வாங்குகிறவர்கள் பின்னாலேயே போய் இடைஞ்சல் செய்ய ஒரு கூட்டம். வேலையை விட்டுப் போனால் பணமும் ஊருக்கு விமான டிக்கெட்டும் தருகிறோம் என்று பேரம் வேறு. மாநில ரிபப்ளிகன் கட்சியின் முன்னாள் தலைவர் மேட் போர்ஜஸ், எதிர்த்தரப்பில் வேலை செய்த ஒருவருக்கு உளவு சொல்ல 15,000 டாலர் கொடுத்தார். அந்த மனிதர் நேராக எஃப்பிஐயிடம் போய், பேச்சைப் பதிவு செய்ய ஒத்துக்கொண்டார். கையெழுத்து இயக்கம் என்னவோ தோற்றுத்தான் போனது.

2020 ஜூலை 21-இல் ஹவுஸ்ஹோல்டர் கைது. சின்சினாட்டி நீதிமன்றத்தில் ஏழு வாரம் விசாரணை. தன் கடன் அட்டை பாக்கி, ஃபுளோரிடா வீட்டின் பழுது, ஒரு பழைய வழக்கின் செட்டில்மென்ட் என்று சொந்தத்துக்குச் சுருட்டியது மட்டும் 5 லட்சம் டாலருக்கு மேல் என்று அரசுத் தரப்பு காட்டியது. நிறுவனம் 23 கோடி டாலர் அபராதம் கட்டியது.

எனக்கு உறுத்துவது அந்த 5 லட்சம் இல்லை, மீதிப் பணம். 'இது எல்லோரும் செய்யும் அரசியல்தானே' என்பதுதான் அவர் வாதம். பாதி உண்மை அது என்று நினைக்கிறேன். பெயர் சொல்லாமல் பணம் கொடுப்பதும் அங்கே சட்டப்படி சரி. அந்தப் பணத்தில் அடுத்தவர் தேர்தலுக்கு விளம்பரம் போடுவதும் சரி. இதைத் தருகிறேன், அதைச் செய் என்ற பேரம் நிரூபணமானால்தான் குற்றம். பதிவுக்கருவியோடு ஒருவர் போயிருக்காவிட்டால்? சொந்த வீட்டுக்குக் கொத்தனார் கூலியை அந்தக் கணக்கில் எழுதாமல் இருந்திருந்தால்? இன்றைக்கும் அவர் 'மாண்புமிகு'வாக இருந்திருப்பார் என்பது என் கணிப்பு.

இதை எழுதும்போது நம் பக்கம் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சத்துக்கு மேல் செலவழிக்கக் கூடாது, ஆனால் கட்சியின் செலவுக்கு உச்சவரம்பே கிடையாது. 2018-இல் தேர்தல் பத்திரம் என்று கொண்டுவந்து, கொடுப்பவர் பெயரை மறைக்க நாமும் சட்டமே போட்டோம். 2024 பிப்ரவரி 15-இல் உச்ச நீதிமன்றம் அதை அடித்துப் போட்ட பிறகுதான் பட்டியல் வந்தது. அதிகம் வாங்கியது பாஜக. நான் ஓட்டுப் போட்ட திமுக வாங்கிய 656.5 கோடியில் 509 கோடி ஒரே லாட்டரி நிறுவனத்தினுடையது. லாட்டரியை 2003-லேயே தடை செய்த மாநிலம் நம்முடையது. பதிலுக்கு ஏதாவது நடந்ததா என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, நான் சொல்லவும் இல்லை. ஆறு வருஷம் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூட எனக்கு வழியில்லாமல் வைத்திருந்தார்களே, அதைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் கவர் கொடுத்தவன் யார் என்று தெருவுக்கே தெரியும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மச்சான், "அந்தக் கட்சியில ஒருத்தன்கூட எதுத்து நிக்கலையா?" என்றார்.

நின்றார்கள். அதில் ஒருவர் டேவ் கிரீன்ஸ்பான், அதே ரிபப்ளிகன். ஹவுஸ்ஹோல்டர் நெருக்கியும் மசோதாவுக்கு எதிராக வாக்களித்தார், எஃப்பிஐயிடம் பேசினார், பின்னால் நீதிமன்றத்தில் சாட்சியும் சொன்னார். 2020 நவம்பரில் இரண்டு பேருமே தேர்தலில் நின்றார்கள். கைதாகி ஜாமீனில் இருந்த ஹவுஸ்ஹோல்டர் தொகுதியில் வாக்குச்சீட்டில் அச்சிட்டிருந்தது அவர் பெயர் ஒன்றுதான். ஜெயித்தார். அடுத்த ஜூனில் சபையே 75-க்கு 21 என்று வாக்களித்து அவரை வெளியேற்ற வேண்டியிருந்தது.

கிரீன்ஸ்பான் தோற்றுப் போனார்.

அணுமின் நிலையங்களுக்கான வசூல் தொடங்குமுன்பே நின்றுவிட்டது. நிலக்கரிக்கான வசூல் மட்டும் 2025 ஆகஸ்ட் வரை ஓடியது. மச்சானும் கட்டியிருப்பார். பழைய பில்லை எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.