மொதல்ல நடந்து பாரு, அப்புறம் வண்டிய ஏத்து

போன வாரம் ஒரு ரீல்ஸ் பாத்தேன். மலையில ஒரு ஓடை, தண்ணி கண்ணாடி மாதிரி ஓடுது, அதுக்குள்ள மூணு வண்டி புல் ரேஸ்ல பாஞ்சு ரெண்டு பக்கமும் தண்ணிய வாரி அடிச்சுட்டுப் போகுது, கீழ ஆஃப்ரோடு வெறியன்னு, அதாவது ரோடே இல்லாத இடத்துல வண்டி ஓட்டுற வெறியன்னு, போட்டிருக்காங்க, லைக்கு மட்டும் லட்சத்தைத் தாண்டிருச்சு. எனக்கு வயிறு எரிஞ்சுருச்சு. எங்க வீட்ல மூணு தலைமுறையா ஃபோர் வீல் வண்டிதான், எஞ்சின் நாலு வீலுக்கும் இழுவை குடுக்குற ஜீப்பு, அந்த உரிமையில சொல்றேன், இதுக்குப் பேரு ஆஃப்ரோடு இல்ல.

எங்க ஊரு போடி. விடியறதுக்கு முன்னாடியே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டு ஜீப்புங்க வரிசையா போடிமெட்டு ஏறுற ஊரு. 17 கொண்டை ஊசி வளைவு, அதுவரைக்கும் தார் ரோடு, மேல போய் தோட்டத்துக்குள்ள திரும்புனா சேறும் கல்லும்தான். தாத்தா அங்க ஒரு எஸ்டேட்ல பழைய பெட்ரோல் வில்லிஸ் ஜீப்பு ஓட்டுனாரு. அப்பா அவர்கிட்ட பழகி, 90கள்ல கடன ஒடன வாங்கி ஒரு செகண்ட் ஹேண்ட் மஹிந்திரா எம்எம் 540 ஜீப்பு எடுத்தாரு, பியூஜோ டீசல் எஞ்சின், 2,112 சிசி. ஆறு நாள் அது பச்சை ஏலக்காய் மூட்டை ஏத்தும், ஞாயித்துக்கிழமை எங்களை ஏத்தும். அம்மா புளிச்சோறு கட்டிருவாங்க, அப்பத்தாவுக்கு முன் சீட்டு, நாங்க நாலு பேரு பின்னாடி எதிரும் புதிருமா உக்காந்து குலுங்கிட்டே போவோம், படுதாவ சுருட்டி விட்டா ஏலக்காய் வாசமும் மழை வாசமும் டீசல் வாசமும் சேந்து அடிக்கும். அந்த வாசம் இன்னைக்கும் எனக்கு வீட்டு வாசம்தான்.

அப்பா வேகமா ஓட்டி நான் பாத்ததே இல்ல. மோசமான இடம் வந்தா வண்டிய நிறுத்திருவாரு, இறங்கிருவாரு, செருப்பக் கழட்டிட்டு அந்த ஏத்தம் முழுக்க நடந்து போய்ட்டு வருவாரு. எந்தக் கல்லு ஊனி நிக்குது, எது ஆடுது, சேறு கணுக்கால் வரைக்கா முழங்கால் வரைக்கா, இடது வீல் எங்க போகணும், நழுவுனா எந்தப் பக்கம் நழுவும், எல்லாம் பாத்துட்டு வந்துதான் கியர் லிவரையே தொடுவாரு. 1999ல நான் லைசென்ஸ் எடுத்தப்போ, பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ஜீப்புன்னு அத்தை கேட்டுச்சு. அப்பா பதிலே சொல்லல, சாவிய என் கையில குடுத்துட்டு, "பாப்பா, இறங்கி நடந்து பாத்துட்டு வா, அப்புறம் ஏறு"ன்னாரு.

ஏன் நடக்கணும்னு எனக்குப் புரிய கொஞ்ச நாளாச்சு. ஃபோர் வீல் போட்டா நாலு வீலும் எப்பவும் சேந்து இழுக்கும்னு நெறைய பேரு நெனைக்கிறாங்க. சாதாரண டிஃபரென்ஷியல், அதாவது ரெண்டு பக்க வீலும் வேற வேற வேகத்துல சுத்த விடுற பல்சக்கரப் பொட்டி, இருக்குற வண்டியில அப்படி இல்லங்க. முன்னாடி ஒரு வீலும் பின்னாடி அதுக்கு எதிர்ப்பக்கத்து வீலும் தரைய விட்டுத் தூக்கிருச்சுன்னா அந்த ரெண்டும் சும்மா சுத்தும், வண்டி நின்ன இடத்துலயே நிக்கும், எவ்வளவு மிதிச்சாலும் குழிதான் ஆழமாகும். அதனால எந்த வழியா வீலக் கொண்டு போறோங்கிறதுதான் மொத்த வித்தையும், அது சீட்ல உக்காந்திருந்தா தெரியாது, கீழ இறங்குனாத்தான் தெரியும்.

அடுத்து லோ கியர். பழைய ஜீப்புல கியருக்குப் பக்கத்துலயே குட்டி லிவரா இருக்கும், அதைப் போட்டா இழுவை ஏறக்குறைய ரெண்டரை மடங்கு கூடும், வேகம் அதே அளவுக்குக் குறையும். ஆளு நடக்குற வேகந்தான். இறக்கத்துல ஃபர்ஸ்ட்ல போட்டு கிளட்ச்ல இருந்து கால எடுத்துட்டா எஞ்சினே வண்டியப் புடிச்சுக்கிட்டு இறக்கிரும், பயந்து போய் பிரேக்க அழுத்துனா சேத்துல வீலு பூட்டிக்கிட்டு வண்டி சறுக்கிரும். மொத தடவ அந்த காலை எடுக்க எனக்கு எவ்வளவு பயம்! ஆனா எடுத்ததுக்கப்புறம் வண்டி ஒவ்வொரு கல்லாத் தொட்டுத் தொட்டு இறங்குனப்போ வந்த சந்தோசம் இருக்கே, இருபத்தஞ்சு வருசம் ஆச்சு, இப்பவும் ஒவ்வொரு தடவையும் வருது.

ஒரு பொங்கலுக்கு சாத்தான்குளம் பக்கம் சொந்தக்காரங்க தேரி நிலத்துல ஓட்டுனோம். செம்மண் இல்ல அது, செம்மணல். மலையில பழகுன நாங்க நூறடி போறதுக்குள்ள அச்சு வரைக்கும் புதைஞ்சுட்டோம். அப்பா பதறல, டயர்ல 28 பவுண்டு இருந்த காத்த 15க்கு இறக்குனாரு, டயர் அகலமாப் பரவி மணல் மேல மெதந்த மாதிரி வெளிய வந்துருச்சு. தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி காத்தடிச்சு, ஃபோர் வீலையும் கழட்டிட்டுத்தான் கெளம்பினோம். இந்த மாதிரி வண்டியில கெட்டியான ரோட்டுல அதப் போட்டுத் திருப்புனா முன் வீலும் பின் வீலும் வேற வேற தூரம் சுத்தும், அந்த முறுக்கு எல்லாம் கியர்ப் பொட்டியிலதான் போய் விழும்.

இப்ப அந்த ஓடைக்கு வரேன். எங்க மலையில ஓடைன்னா அது சும்மா காட்டுத் தண்ணி இல்ல, மேல ஓஸ் பைப்பு போட்டு கீழ லயத்துக்கு, தோட்டத்து ஆளுங்க குடியிருக்குற வரிசை வீடுங்களுக்கு, குடிக்கக் கொண்டு போவாங்க. ஓடைய ரோடு தாண்டுற இடத்துல மட்டும், நேர் குறுக்கால, அலை எழும்பாம மெதுவாத் தாண்டணும். ஓடை வழியாவே மேலயும் கீழயும் ஓட்டுறது அடுத்தவன் குடத்துல கால் கழுவுற வேலை. 2023 டிசம்பர்ல இமாச்சல் பக்கம் லாஹவுல்ல சந்திரா ஆத்துக்குள்ளயே ஒருத்தர் மஹிந்திரா தார் ஜீப்ப ஓட்டுன வீடியோ சுத்துச்சு, போலீஸ் அபராதம் போட்டாங்க, சரியாத்தான் செஞ்சாங்கன்னு நான் சொல்லுவேன். சரணாலயத்துக்குள்ள அனுமதி இல்லாம வண்டிய விடுறதும் குற்றம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே இருக்கு.

ஓட்டுறதப் பாக்கணும்னா மூணாறு பக்கம் சூரியநெல்லியில இருந்து கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுற அண்ணன்களப் பாருங்க. ஏறக்குறைய 8,000 அடி உயரம், ரோடு முழுக்க உருட்டுக்கல்லு, தினமும் இருட்டுல ஏறுறாங்க. ஒருத்தர் கூட வண்டியப் பாய விடமாட்டாரு. தம்பிங்களா, அவங்க பக்கத்துல ஒரு நாள் உக்காந்து பாருங்கப்பா.

போன மாசம் என் மகன் ஓட்டுனான், 19 வயசு. மழை விட்டு ஒரு மணி நேரம்தான் ஆயிருக்கும். அப்பாவுக்கு இப்ப முட்டி சரியில்ல, இறங்க முடியல, முன் சீட்ல அப்பத்தா உக்காந்த அதே இடத்துல உக்காந்திருக்காரு. யாரும் சொல்லாமலே பய இறங்குனான், செருப்பக் கழட்டி வச்சான், ஏத்தம் முழுக்க நடந்து போய்ட்டு வந்தான்.

"என்னய்யா இருக்கு மேல?"

"ரெண்டாவது கல்லு ஆடுது தாத்தா. இடது பக்கம் ஒட்டிப் போனா போயிரலாம்."

அப்பா கைய நீட்டி அவரே லோ லிவரைப் போட்டு விட்டாரு.

"அப்பப் போ."