ரிப்பன் மாளிகையில் ஆளில்லாத ஆண்டுகள்

சென்னை சென்ட்ரலை விட்டு வெளியே வந்து மேற்கே நடந்தால், விக்டோரியா பொது மண்டபத்தின் செங்கல் சிவப்பைத் தாண்டியதும் வெள்ளைவெளேரென்று நிற்கிறது சென்னை மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகை. குடியரசு நாளன்று மூவண்ண விளக்கொளியில் அதைப் படமெடுத்துப் பகிராதவர்கள் நம்மில் குறைவு. ஆனால் அதன் வரலாறு என்று நாம் சொல்லிக்கொள்வதெல்லாம் கோபுரம், கடிகாரம், தூண்கள் என்று முகப்போடு நின்றுவிடுகிறது என்பது என் நெடுநாள் வருத்தம். உள்ளே, வார்டு உறுப்பினர்கள் கூடிப் பேசும் மாமன்றக் கூடம்தான் அந்தக் கட்டடத்தின் உண்மையான வரலாறு என்று நான் நினைக்கிறேன்.

சென்னை மாநகராட்சிக்கு 1687ஆம் ஆண்டின் சாசனம் அடிப்படை. 1688இல் ஒரு மேயரோடு அது செயல்படத் தொடங்கியது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வயதான பிறகும் ஜார்ஜ் டவுனில் எர்ரபாலு செட்டித் தெருவிலிருந்தே இயங்கிவந்த அந்த அமைப்புக்கு, 1909 டிசம்பர் 11 அன்று வைஸ்ராய் மிண்டோ புதிய கட்டடத்துக்கான அடிக்கல்லை நாட்டினார். ஹாரிஸ் வரைந்த திட்டத்தை லோகநாத முதலியார் கட்டி முடிக்க, 1913இல் வைஸ்ராய் ஹார்டிஞ்சு திறந்துவைத்தார். ஏழரை லட்சம் ரூபாய் செலவு. செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை, கூரையைத் தாங்கத் தேக்கு உத்தரங்கள், தரைக்குக் கடப்பாக்கல். இதை இந்திய, இஸ்லாமியக் கட்டடக் கூறுகள் கலந்த ‘இந்தோ-சாரசனிக்’ பாணி என்று எழுதுபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். உயர் நீதிமன்றத்தின் குமிழ்க் கோபுரங்களை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து இதைப் பார்த்தால், இது கிரேக்க, ரோமானியத் தூண்களை நம்பி எழுந்த வேறொரு மரபு என்பது சொல்லாமலே விளங்கிவிடும். கோபுரத்தில் இருப்பது நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டிய இயந்திரக் கடிகாரம். கால் மணிக்கு ஒருமுறை ஒலிக்கும் அதன் நான்கு மணிகளும் இங்கிலாந்தில் வார்க்கப்பட்டவை.

பெயர்தான் எனக்கு முக்கியம். ரிப்பன் பிரபு 1880 முதல் 1884 வரை வைஸ்ராயாக இருந்தவர். உள்ளாட்சி குறித்து 1882இல் அவர் கொண்டுவந்த தீர்மானம், நிர்வாகம் சீர்படும் என்பதைவிட, மக்கள் தம்மைத் தாமே ஆளப் பழகும் அரசியல் கல்வி என்பதையே பெரிய காரணமாக முன்வைத்தது. “ரிப்பன் எங்கள் அப்பன்” என்று இந்த ஊர் அவரைக் கொண்டாடியது அதனால்தான். அவர் 1909 ஜூலையில் காலமானார். அடுத்த ஐந்து மாதங்களில் அடிக்கல். ஆக, இந்த மாளிகைக்கு அவர் பெயரைச் சூட்டியவர்கள், தெரிந்தோ தெரியாமலோ ஒரு வாக்குறுதியையும் அதன் நெற்றியில் எழுதிவைத்துவிட்டார்கள்.

அந்த வாக்குறுதி பலித்த காலமும் உண்டு. 1920 செப்டம்பரில், சர் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த மாமன்றம், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியின் பிள்ளைகளுக்கு மதிய உணவு வழங்க ஒப்புதல் அளித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவழிக்கலாம் என்பது நிபந்தனை. பிற்காலத்தில் தமிழகம் முழுவதும் பரவிய ஒரு திட்டத்தின் முன்னோடி, ஓரணாக் கணக்காக இந்தக் கூடத்தில் பேசித் தீர்மானிக்கப்பட்டது. தியாகராயரின் சிலை இன்றும் அந்த வளாகத்தில் நிற்கிறது. 1933இல் மேயர் பதவி மீண்டும் வந்தபோது ராஜா சர் முத்தையா செட்டியார் முதல் மேயரானார்.

பிறகு 1973இல், மஸ்டர் ரோல் (கூலியாட்களின் வருகைப் பதிவேடு) ஊழல் புகாரை அடுத்து மாமன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996இல். இருபத்து மூன்று ஆண்டுகள்! அன்று பிறந்த குழந்தை தன் வார்டுக்கு ஒரு உறுப்பினர் இருந்ததே தெரியாமல் வளர்ந்து, வாக்குரிமை பெற்று, அதன் பிறகும் காத்திருந்தது. 2016 அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தபின் மறுபடியும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. 2022 மார்ச்சில்தான் புதிய மேயர் பொறுப்பேற்றார். இந்த இரண்டு இடைவெளிகளையும் மட்டும் கூட்டினாலே ஏறக்குறைய 28 ஆண்டுகள்.

மாமன்றம் இல்லாத காலத்தில் அதன் பொறுப்பை ஏற்ற அரசு அதிகாரியான தனி அலுவலரின் ஆட்சியில் சாலை போடவில்லையா, குப்பை அள்ளவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. அள்ளினார்கள், திறமையான அதிகாரிகளும் வந்தார்கள். ஆனால் அந்த ஏற்பாட்டின் நடைமுறையைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆணையர் அனுப்பும் கோப்பைக் கேள்வி கேட்க வேண்டியது மாமன்றம். மாமன்றத்தின் அதிகாரமும் ஓர் அதிகாரியிடமே போய்ச் சேர்ந்தபின், முன்மொழிவும் தீர்மானமும் ஒரே அதிகார வட்டத்துக்குள் முடிந்துவிடுகின்றன. எதிர்த்துப் பேச ஆளில்லை. எதிர்ப்பு பதிவாகும் நடவடிக்கைக் குறிப்பும் இல்லை. கூச்சலும் வெளிநடப்பும் நிறைந்த மாமன்றக் கூட்டத்தைக் கேலி செய்வது எளிது. அந்தக் கூச்சல்கூட இல்லாத கூடம் எனக்கு அதைவிட அச்சம் தருகிறது.

2011இல் மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426ஆக விரிந்து, வார்டுகள் 200ஆயின. பிறப்புச் சான்றிதழுக்கோ சொத்து வரிக்கோ இன்று யாரும் ரிப்பன் மாளிகைப் படியேற வேண்டியதில்லை. மண்டல அலுவலகமும் இணையதளமும் போதும். அப்படியென்றால் நமக்கும் அந்தக் கட்டடத்துக்கும் எஞ்சியிருக்கும் தொடர்பு, நம் வார்டின் பெயரால் ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பது மட்டுமே.

ஆகவே எனக்கு ஒரு சின்ன வேண்டுகோள். மாமன்றக் கூடத்தின் வாசலில் ஒரு கல்வெட்டு வைக்கட்டும். தலைவர்கள், மேயர்கள் பெயர் வரிசையை அதில் பொறிக்கும்போது, 1973க்கும் 1996க்கும் நடுவில் உள்ள இடத்தையும், 2016க்கும் 2022க்கும் நடுவில் உள்ள இடத்தையும் நெருக்கி மறைத்துவிடாமல், அத்தனை ஆண்டுகளுக்கும் அத்தனை வரிகளை வெறுமையாகவே விட்டுவைக்கட்டும்.