‘ஸ்டிஃப்’ என்றால் எல்லாம் ஒரே விறைப்பு அல்ல

கோல்ஃபில் தொலைதூரம் அடிக்கும் டிரைவர் மட்டையின் ஷாஃப்ட்டில் (தண்டில்) ‘ஸ்டிஃப்’ (விறைப்பானது) என்று போட்டிருந்தால், எந்த நிறுவனத்துடையதானாலும் விறைப்பு ஒன்றுதான் என்று சொல்வதுண்டு. அப்படி இல்லைங்க. ரெகுலர், ஸ்டிஃப் போன்ற விறைப்புப் பெயர்களுக்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் கணக்கில் பெயர் வைக்கிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்கள்கூட வேறுபடலாம்.

நீங்களே சரிபார்க்கலாம். ஆடுபவருக்கு ஏற்ற கிளப் (கோல்ஃப் மட்டை) பொருத்தித் தருபவர்கள் பலரிடம் ஃப்ரீக்வென்ஸி மீட்டர் இருக்கும். இரண்டு ஷாஃப்ட்டையும் ஒரே நீளத்தில், நுனியில் ஒரே எடை மாட்டி, கைப்பிடிப் பக்கத்தை ஒரே அளவு இறுக்கி அதிரவிட்டால் நிமிடத்துக்கு எத்தனை அதிர்வு என்று காட்டும். எண் கூடினால் விறைப்பு கூடுதல். நீளம் அரை அங்குலம் மாறினாலே எண்ணும் மாறும். அதனால் நீளம் குறைக்க வெட்டிய ஷாஃப்ட்டையும் வெட்டாததையும் ஒப்பிட வேண்டாம். நுனி மட்டும் எவ்வளவு விறைப்பு என்பதை இந்த ஒற்றை எண் காட்டாது.